பில்லிங் மென்பொருளுக்கு எது: பிரவுசரா, எலக்ட்ரானா, டௌரியா, க்யூடியா, டாட்நெட்டா?

"அண்ணா, இப்போ யாராவது டெஸ்க்டாப் ஆப் எழுதுவாங்களா? வெப்லயே முடிச்சிடலாம்ல?"

இப்படிக் கேட்ட தம்பி இன்னொரு நண்பரோடு சேர்ந்து கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார். இருவருக்கும் வெப் திரைகள் எழுதும் ரியாக்ட் அத்துப்படி. முதல் வடிவம் பிரவுசரில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது ஒரு மளிகைக் கடைக்காரர் வந்திருக்கிறார்: நாலு கவுண்டர், நெட் போனாலும் பில் நிற்கக் கூடாது, எடை மெஷினிலிருந்து எடை தானாக வரணும், பில் தமிழில் வரணும். கிட்டத்தட்ட இதே கேள்வியோடு வேறு சிலரும் வந்துவிட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன். தலைப்பில் உள்ள எலக்ட்ரான், டௌரி, க்யூடி, டாட்நெட் நாலும் டெஸ்க்டாப் ஆப் எழுத உதவும் கருவிகள்; ஒவ்வொன்றாகக் கீழே வரும்.

"வெப்பா, டெஸ்க்டாப்பா" என்று கேட்டால் பதில் கிடைக்காது. டெஸ்க்டாப் ஆப் என்று நாம் தினமும் திறப்பதில் விஎஸ் கோட், ஸ்லாக், டிஸ்கார்ட் எல்லாமே உள்ளுக்குள் வெப் பக்கம்தான். நான் கேட்கச் சொல்வது வேறு: இந்தத் திரைக்கு முன்னால் எட்டு மணி நேரம் உட்காரப் போவது யார், அவர் மேஜையில் இருக்கும் மெஷின் எந்த வயது, அதில் என்னவெல்லாம் சொருகியிருக்கிறது?

இது எனக்கு உறைத்தது ஒரு மொத்த மளிகைக் கடையில். ஒரு நாள் முழுக்க கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பில் போடும் அக்கா திரையைப் பார்ப்பதே இல்லை. கண் சாமான் மேல், இடது கை பாக்கெட்டைத் தள்ளுகிறது, வலது கை நம்பர் பேடில் பொருளின் கோடு எண், என்டர், அளவு, என்டர் என்று ஓடுகிறது. அங்கே புதிதாகப் போட்டிருந்த மென்பொருள் ஒவ்வொரு என்டருக்கும் சர்வரிடம் போய் விலை கேட்டு வந்தது. அரை நொடிதான். ஆனால் அந்த அரை நொடிக்குள் அக்கா அடுத்த பொருளின் கோடு எண்ணை அடிக்க ஆரம்பித்துவிடுவார், கர்சர் இன்னும் பழைய கட்டத்திலேயே நிற்கும், 12 என்று இருக்க வேண்டிய அளவு 1208 ஆகிவிடும். இரண்டு முறை மொத்தத் தொகையைப் பார்த்துப் பதறிய பிறகு, ஒவ்வொரு என்டருக்கும் நிமிர்ந்து திரையைப் பார்த்துக் காத்திருக்கத் தொடங்கினார். சாயங்காலம் அவர் கீ தட்டும் சத்தமே மாறியிருந்தது. ஒரு மனுஷியின் பல வருடக் கைப்பழக்கத்தை அந்தத் திரை ஒரே நாளில் கெடுத்துவிட்டது.

## எதை வைத்து எடை போடுவது

விசைப்பலகை. கவுண்டரில் மவுஸுக்கு வேலை குறைவு. டாலி கணக்கு மென்பொருளில் பழகிய கைகளுக்கு எஃப்8 விற்பனை, எஃப்5 பேமெண்ட், கண்ட்ரோல்-ஏ சேமிப்பது. பிரவுசரில் எஃப்5 தட்டினால் பக்கம் மறுபடி ஏறும். அதை ஜாவாஸ்கிரிப்ட்டில் மறித்துக்கொள்ளலாம், சரி. ஆனால் டேபை மூடும் கண்ட்ரோல்-டபிள்யூ, புது விண்டோ திறக்கும் கண்ட்ரோல்-என், புது டேப் திறக்கும் கண்ட்ரோல்-டி (T) மூன்றையும் சாதாரண டேப்பில் குரோம் நம் கைக்கு விடுவதே இல்லை. நாற்பது வரி பில்லின் நடுவில் விரல் தவறி டேப் மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே யோசித்துவிட வேண்டும்.

சொருகியிருக்கும் சாதனங்கள். பார்கோடு ஸ்கேனரால் தொல்லை இல்லை. பெரும்பாலானவை விசைப்பலகை போலவே நடந்துகொள்ளும். எடை மெஷின் சீரியல் போர்ட் வழியாகப் பேசும். தலைவலி ரசீது பிரிண்டர்தான், அதிலும் தமிழ் ரசீது. இந்த தெர்மல் பிரிண்டர்கள் இஎஸ்சி/பிஓஎஸ் என்ற கட்டளை மொழியில் பேசுகின்றன. ஆங்கில எழுத்துகள் உள்ளேயே இருக்கும்; தமிழ் பெரும்பாலும் இருக்காது. ஆகவே தமிழ் வரியை நாமே படமாக வரைந்து, புள்ளி புள்ளியாக அனுப்ப வேண்டும். 80 மிமீ பிரிண்டர் என்றால் பொதுவாகக் குறுக்கே 576 புள்ளி, 58 மிமீ என்றால் 384. இந்தப் படத்தை யார் வரைவது, பிரிண்டருக்கு யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? கருவியைத் தேர்ந்தெடுப்பதில் பாதி முடிவு இந்தக் கேள்வியிலேயே வந்துவிடும்.

மெஷினின் வயது. நாம் 16 ஜிபி ரேமில் எழுதுகிறோம். கடையில் இருப்பது 4 ஜிபியும் பழைய சுழலும் டிஸ்க்கும். விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கல்லாக்களை நானே பார்த்திருக்கிறேன்.

தமிழ். எழுத்து சரியாகத் தெரிந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். 'கொ' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடும்போது இரண்டும் வேறு. அதைச் சீராக்காமல் விட்டால் 'கொத்தமல்லி' பட்டியலில் இருக்கும், தேடினால் வராது. வரிசைப்படுத்துவதிலும் சிக்கல் உண்டு. யூனிகோடு எண் வரிசையை அப்படியே நம்பினால் 'ன' போய் 'ந'வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும், 'ற' 'ல'வுக்கு முன்னால் வரும். நம் அகரவரிசை அது இல்லை.

அப்புறம் மூன்று விஷயங்கள்: நெட் இல்லாதபோது தரவு எங்கே தங்கும், புதுப்பிப்பு எப்படிப் போய்ச் சேரும், ஐந்து வருடம் கழித்து இதை யார் பராமரிப்பார்.

## ஒரே பார்வையில்

| வழி | பழைய மெஷினில் | சாதனங்களோடு பேச்சு | நெட் இல்லாமல் | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| பிரவுசர் | குரோமுக்குக் கிடைக்கும் ரேமைப் பொறுத்தது | கடினம், இடையில் ஒரு பாலம் வேண்டும் | முடியும், தரவுக்குக் காவல் வேண்டும் | பிரிண்டர் |
| எலக்ட்ரான் | கனம் | நன்று | நன்று | ஓயாத பதிப்பு ஏற்றம் |
| டௌரி | கோப்பு சிறிது, ரேம் அவ்வளவு குறையாது | நன்று, ரஸ்ட் மொழி தெரிந்தால் | நன்று | ஒவ்வொரு இயங்குதளத்திலும் வேறு பிரவுசர் எஞ்சின் |
| க்யூடி | இலகு | மிக நன்று | மிக நன்று | உரிமம், ஆள் கிடைப்பது |
| டாட்நெட் | இலகு | மிக நன்று | மிக நன்று | விண்டோஸோடு கட்டிப்போடும் |

## பிரவுசரிலேயே இருந்துவிடுவது

நிறுவ எதுவும் இல்லை. இரவு சர்வரில் ஏற்றினால் காலையில் எல்லாக் கவுண்டரிலும் புது வடிவம். முதலாளி வீட்டிலிருந்து போனிலேயே விற்பனை பார்க்கலாம். தமிழும் இங்கே நன்றாகவே இருக்கிறது. எழுத்து கோக்கும் ஹார்ஃப்பஸ் குரோமுக்குள்ளேயே இருக்கிறது, வரிசைப்படுத்த ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே உள்ள இன்டல்.கொலேட்டர் தமிழ் அகரவரிசை அறியும். இதையெல்லாம் நாம் எழுதவே வேண்டாம்.

"ஃபிக்மாவே பிரவுசர்ல ஓடுதே" என்பார்கள், டிசைன் வரையும் மென்பொருளைக் காட்டி. உண்மைதான். 2016-இல் பொதுவுக்கு வந்தது முதல் அது பிரவுசரில்தான் ஓடுகிறது. ஆனால் அவர்கள் செய்தது என்ன? சி++ இல் எழுதி, பிரவுசரில் ஓடும்படி மாற்றி, பிரவுசரின் கிராபிக்ஸ் வசதியான வெப்ஜிஎல் வழியாகத் தாங்களே ஒவ்வொன்றையும் வரைந்தார்கள். கூகுள் டாக்ஸும் 2021-இல் எச்டிஎம்எல்லை விட்டு, கேன்வாஸ் என்ற வெற்றுப் பலகையில் தானே வரையப் போவதாக அறிவித்தது. அதாவது பிரவுசரில் செழிப்பான இடைமுகம் வேண்டும் என்றவர்கள், பிரவுசர் கொடுத்த பொருளை ஒதுக்கிவிட்டுச் சொந்தமாக ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் குழுவுக்கு அந்த வழி கிடையாது.

இப்போது பிரிண்டருக்கு வருவோம். பிரவுசரில் பிரிண்ட் கொடுத்தால் பெட்டி ஒன்று திறந்து கேள்வி கேட்கும். நானூறு பில்லுக்கும் நானூறு முறை. குரோமை கியோஸ்க் பிரிண்டிங் என்ற தொடக்கத் தேர்வோடு திறந்தால் கேட்காது. ஆனால் யாராவது குரோமைச் சாதாரணமாகத் திறந்துவிட்டால் மறுபடி பழைய கதைதான். யூஎஸ்பி சாதனத்தோடு பிரவுசர் பேசும் வசதியான வெப்யூஎஸ்பியில் நேரே பேசலாமே என்றால், விண்டோஸில் பிரிண்டரை அதன் சொந்த டிரைவர் பிடித்துவைத்திருக்கும். டிரைவரை மாற்றினால்தான் வெப்யூஎஸ்பியால் தொட முடியும், மாற்றினால் மற்ற மென்பொருள்கள் அந்தப் பிரிண்டரை இழக்கும். கடைசியில் எல்லோரும் வந்து சேரும் இடம் ஒன்றே: அதே மெஷினில் ஒரு சின்ன நிரலை நிறுவி, பிரவுசர் அதனிடம் சொல்ல, அது பிரிண்டரிடம் சொல்லும். அந்தச் சின்ன நிரல் ஒரு டெஸ்க்டாப் ஆப்தானே. நிறுவுவதும் புதுப்பிப்பதும் வேண்டாம் என்றுதான் வெப்புக்கு வந்தோம். அந்த இரண்டும் திரும்பி வந்துவிட்டன.

எடை மெஷினுக்கு, சீரியல் போர்ட்டோடு பிரவுசர் பேசும் வெப் சீரியல் இருக்கிறது, குரோமில் 2021 முதல். ஒரு முறை அனுமதி கொடுத்தால் போதும், நன்றாகவே வேலை செய்கிறது. சஃபாரியில் கிடையாது.

தரவு பற்றி ஒரு அனுபவம். ஒரு கடையில் நெட் போன நேரத்துப் பில்கள் இன்டெக்ஸ்டு டிபி என்ற பிரவுசரின் சொந்தச் சேமிப்பில் சேர்ந்திருந்தன. மெஷின் மெதுவாக இருக்கிறது என்று அழைத்து வந்த ஆள், முதல் வேலையாக பிரவுசர் தரவு முழுவதையும் துடைத்தார். அன்று முற்பகல் பில்கள் எல்லாம் போயின. அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. பிரவுசருக்குள் இருப்பது தற்காலிகம் என்பது எல்லோரும் நம்பும் விஷயம். கணக்கை அங்கே வைத்தது நான். நிரந்தரச் சேமிப்பு கேட்கும் வசதி பிரவுசரில் உண்டு, ஆனால் அது இடம் பற்றாதபோது பிரவுசர் தானாக அழிப்பதைத்தான் தடுக்கும், மனிதர் கையை அல்ல.

எப்போது பிரவுசர்தான் சரி: பலர், ஆளுக்குக் கொஞ்ச நேரம், பல ஊர்களிலிருந்து பார்ப்பது. கிளைகளின் இருப்பு, விற்பனை அறிக்கை, ஆர்டர் எடுப்பது. இதற்கெல்லாம் டெஸ்க்டாப் ஆப் எழுதுவது வீண்.

## எலக்ட்ரான்

கிட்ஹப் நிறுவனம் தன் 'ஆட்டம்' (Atom) என்ற நிரல் எடிட்டருக்காக 2013-இல் தொடங்கியது. குரோமின் அடித்தளமான குரோமியம் முழுவதும், ஜாவாஸ்கிரிப்ட்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸும் சேர்த்துக் கட்டிய பெட்டி. ஆட்டம் 2022 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது, எலக்ட்ரான் நிற்கிறது.

ரியாக்ட் தெரிந்த தம்பிக்கு இதுதான் மிகக் குறுகிய வழி. இருக்கும் திரைகள் அப்படியே வரும். பெட்டி திறக்காமல் பிரிண்ட் போகும், சீரியல் போர்ட் நோட் வழியாகத் திறக்கும், தரவை எஸ்க்யூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தில் வைக்கலாம், கண்ட்ரோல்-டபிள்யூ நம் கையில்.

கனம் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மை. ஒன்றுமே எழுதாத வெறும் விண்டோவுக்கே பல புராசஸ்கள், நூறு எம்பிக்கு மேல் ரேம். 4 ஜிபி மெஷினில் குரோமும் டாலியும் கூடவே திறந்திருந்தால் டிஸ்க் கரகரவென்று ஓடுவது காதிலேயே கேட்கும். ஆனால் கனமும் மந்தமும் ஒன்றில்லை. விஎஸ் கோட் எலக்ட்ரான்தான். அதில் தட்டுவது தடங்கல் இல்லாமல் இருப்பதற்குக் காரணம், நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) தனிப் புராசஸில் வைத்தார்கள், கோப்புகளில் தேடும் வேலையை ரஸ்ட்டில் எழுதிய ரிப்கிரெப் என்ற தேடல் கருவியிடம் விட்டார்கள். எழுத்து வரையும் திரெட்டில் வேறு வேலை நுழையக் கூடாது என்று கண்டிப்பாக இருந்தார்கள். நான் பார்த்த மந்தமான எலக்ட்ரான் ஆப்கள் பெரும்பாலும் இந்தக் கண்டிப்பு இல்லாதவை. மேலே சொன்ன மளிகைக் கடைத் திரையில்கூட குற்றம் பிரவுசர் மேல் இல்லை. விலைப் பட்டியலை மெஷினிலேயே வைத்திருந்தால் எதில் எழுதியிருந்தாலும் அக்கா காத்திருக்க நேர்ந்திருக்காது.

இதன் உண்மையான செலவு ரேமைவிடப் பராமரிப்பில். எட்டு வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. கடைசி மூன்று பதிப்புகளுக்குத்தான் ஆதரவு. ஆக, ஆறு மாதம் அசந்தால் உள்ளே இருக்கும் குரோமியத்தின் பாதுகாப்பு ஓட்டைகள் உங்கள் ஓட்டைகள். சி++ இல் எழுதிய நூலகம் (லைப்ரரி) ஏதும் சேர்த்திருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அதை மறுபடி கட்ட வேண்டும். விண்டோஸ் 7-க்கு எலக்ட்ரான் 22-ஓடு கதவு அடைத்தாயிற்று, குரோம் 109-ஓடு நின்றது போல.

எப்போது இது சரி: மெஷின்கள் விண்டோஸ் 10-க்கு மேல், 8 ஜிபி, கையில் ஏற்கெனவே வெப் திரைகள், வருடம் முழுக்கப் பதிப்பு ஏற்ற ஒருவர் இருக்கிறார் என்றால் தயங்காமல் எடுக்கலாம்.

## டௌரி

2022-இல் முதல் பதிப்பு, 2024 அக்டோபரில் இரண்டாம் பதிப்பு. பிரவுசர் எஞ்சினைக் கூடவே சுமக்காமல், இயங்குதளத்தில் இருப்பதையே பயன்படுத்துகிறது: விண்டோஸில் வெப்வியூ2, மேக்கில் டபிள்யூகே வெப்வியூ, லினக்ஸில் வெப்கிட் ஜிடிகே. அதனால் நிறுவும் கோப்பு சில எம்பிதான். ஊர்ப்புற நெட்டில் புதுப்பிப்பு அனுப்புகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் வெப்வியூ2-வும் குரோமியம்தான். டிஸ்க்கில் மிச்சமாகும் அளவுக்கு ரேமில் மிச்சமாகாது. இதை அறியாமல் டௌரிக்கு மாறிவிட்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் 2023-இல் எலக்ட்ரானிலிருந்து வெப்வியூ2-க்கு மாறியது இதே திசையில்தான். லினக்ஸிலும் விண்டோஸிலும் எஞ்சின் வேறு என்பதால் ஒரே திரையை இரண்டு முறை சோதிக்க வேண்டும். சாதனங்களோடு பேசும் பகுதி ரஸ்ட். அதைக் கற்க எடுக்கும் நாளைக் கணக்கில் சேருங்கள். எல்லாக் கடையும் விண்டோஸ் 11, குழுவில் ஒருவருக்கு ரஸ்ட் பிடிக்கும் என்றால் எலக்ட்ரானைவிட இதையே எடுப்பேன்.

## க்யூடி

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், மறைக்க மாட்டேன். நார்வேயில் 1995-இல் பிறந்தது. நோக்கியா வாங்கி, விற்று, இன்றும் உயிரோடு இருக்கிறது. விஎல்சி, ஓபிஎஸ், க்ரிட்டா, டெலிகிராமின் டெஸ்க்டாப் ஆப் எல்லாம் இதில் எழுதியவை. ஒரு லட்சம் வரிகள் உள்ள அட்டவணையை நகர்த்தினால் திரையில் தெரியும் வரிகளை மட்டும் கேட்டு வரையும். அந்த வழுவழுப்பை ஒரு முறை கண்டவர் மறக்க மாட்டார். தமிழ் எழுத்து கோப்பதற்கு உள்ளே ஹார்ஃப்பஸ். தமிழ் ரசீதை அதன் வரையும் கருவியான க்யூபெயின்டரில் படமாக வரைந்து அப்படியே பிரிண்டருக்குத் தள்ளலாம். திரையில் தெரிந்த எழுத்துதான் தாளிலும் வரும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. விளையாட்டு உலகத்திலிருந்து வந்த டியர் இம்கூயி போன்ற மெல்லிய கருவிகளும் வேகமானவைதான், ஆனால் அவற்றுக்கு எழுத்து கோக்கத் தெரியாது. 'கெ' எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ்ப் பெயரில் ஒரு பொருளாவது இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

க்யூடியின் செலவு உரிமத்தில். எல்ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் க்யூடிக்குக் காசு கட்டாமலே நம் ஆப்பை விற்கலாம், க்யூடி நூலகத்தைத் தனிக் கோப்பாக வைத்து நிபந்தனைகளை மதித்தால். ஆனால் க்யூடி சார்ட்ஸ் போன்ற சில பகுதிகளுக்கு ஜிபிஎல் (நம் நிரலையும் திறந்து கொடுக்கச் சொல்லும் உரிமம்) அல்லது காசு. க்யூடியைப் பைத்தானில் எழுதினாலும் இந்தக் கவனம் தேவை. அதற்கு இரண்டு இணைப்பு நூலகங்கள்: பைசைடு எல்ஜிபிஎல், பைக்யூடி ஜிபிஎல் அல்லது காசு. அப்புறம் ஆள். ரியாக்ட் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர். க்யூடி தெரிந்தவரைத் தேட வேண்டும்.

எப்போது சரி: லினக்ஸ் மெஷின்கள், பெரிய அட்டவணைகள், பத்து வருடம் ஓட வேண்டிய மென்பொருள்.

## டாட்நெட்

டாட்நெட் மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கத் தளம். கடைகளில் இன்றும் ஓடும் பழைய பில்லிங் நிரல்கள் பல அதற்கு முந்தைய விபி6-இல் (விஷுவல் பேசிக் 6) எழுதியவை. அதன் கட்டங்கள் யூனிகோடு அறியாததால் பாமினி போன்ற எழுத்துருக்களை வைத்துத் தமிழைக் காட்டினார்கள். அவற்றின் நேர் வாரிசு, டாட்நெட்டில் திரை எழுதும் கருவிகளான வின்ஃபார்ம்ஸும் 2006-இல் வந்த டபிள்யூபிஎஃப்பும். இவற்றில் தமிழ் யூனிகோடாகவே வரும். டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 இன்றைய விண்டோஸில் கூடவே வருகிறது, விண்டோஸ் 7-இலும் நிறுவலாம். ஆப்பின் கோப்பு மிகச் சிறிது. சீரியல் போர்ட், பிரிண்டர் எல்லாம் நாலு வரி.

மைக்ரோசாஃப்ட் பாதை மாற்றிக்கொண்டே இருப்பது இதில் உள்ள பயம். திரை எழுதும் கருவிகளில் சில்வர்லைட் 2007-இல் வந்து 2021-இல் ஆதரவு முடிந்தது. 2015-இல் யூடபிள்யூபி, பிறகு வின்யூஐ 3, 2022-இல் மாவி. ஒவ்வொன்றையும் "இனி இதுதான்" என்று நம்பியவர்கள் அலைந்தார்கள். வேடிக்கை பார்த்தபடி வின்ஃபார்ம்ஸிலேயே இருந்தவர்களின் நிரல் இன்றும் ஓடுகிறது. ஆகவே இங்கே புதியதைத் துரத்தாமல் பழையதையே எடுங்கள். பின்னால் லினக்ஸ் வேண்டுமென்றால் அவலோனியா இருக்கிறது, டபிள்யூபிஎஃப் தெரிந்தவருக்கு அந்நியமாக இருக்காது.

போன் ஆப் எழுதப் பயன்படும் ஃப்ளட்டரும் 2022 முதல் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நிலையாகிவிட்டது. போன் ஆப் ஏற்கெனவே அதில் இருந்தால் யோசிக்கலாம். கவுண்டருக்காக மட்டும் அதைத் தொட வேண்டாம்.

டெஸ்க்டாப் வழி எதை எடுத்தாலும் இன்னொரு செலவு உண்டு: ஆப்பை எழுதியவர் யார் என்று காட்டும் கையொப்பச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் விண்டோஸ் ஸ்மார்ட்ஸ்கிரீன் நீல நிறத்தில் எச்சரிக்கும், கடைக்காரர் பயந்து உங்களுக்கு போன் போடுவார். 2023 ஜூன் முதல் அதன் சாவியைத் தனி வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்பதால் சின்னக் குழுவுக்கு விலையும் சிரமமும் கூடியிருக்கிறது. மேக் என்றால் ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர்.

## தம்பிக்குச் சொன்னது

அவருடைய நாலு கவுண்டரில் இரண்டில் விண்டோஸ் 7, நாலுமே 4 ஜிபி. எலக்ட்ரானும் டௌரியும் அங்கேயே விழுந்துவிடுகின்றன. அந்த இரண்டு மெஷினையும் மாற்றச் சொல்லத்தான் வேண்டும், பாதுகாப்புக்காகவாவது. ஆனால் கடைக்காரர் மாற்றும்வரை வேலை நிற்கக் கூடாது. முதலாளி பார்க்கும் அறிக்கை, கொள்முதல், விலை மாற்றம் எல்லாம் இப்போது இருக்கும் வெப்பிலேயே இருக்கட்டும், அதில் கை வைக்காதே என்றேன். கவுண்டர்த் திரை ஒன்றை மட்டும் டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் எழுது. விலைப் பட்டியல் அந்தந்த மெஷினில் எஸ்க்யூலைட்டில், பில் முதலில் அங்கே சேர்ந்து பிறகு சர்வருக்குப் போகட்டும். அது ஒரே ஒரு திரை. ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவருக்கு டாட்நெட்டின் மொழியான சி ஷார்ப் சில வாரப் பழக்கம்தான்.

எதில் எழுதினாலும் கடையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. பில் போடுகிறவரை உட்காரவைத்து, இருபது பொருள் கொண்ட ஒரு பழைய பில்லைக் கையில் கொடுத்து, மானிட்டரை அணைத்துவிட வேண்டும். அவர் வழக்கமான வேகத்திலேயே அடித்து முடிக்கட்டும். பிறகு மானிட்டரைப் போட்டு, இருபது வரியையும் பழைய பில்லோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.